துபாயில் வாடகை டிஸ்க்கா, ரோட்டோர டிஸ்க்கா: பன்னிரண்டு வருஷம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணும்போது, 2011-ல் துபாயை விட்டு வந்தபோது கார்கோவில் போட்ட ஒரு அட்டைப்பெட்டி கையில் கிடைத்தது. உள்ளே 143 சினிமா டிஸ்க், விசிடியும் டிவிடியும். எங்கள் வீடு கீழக்கரையில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்று இங்கே எதையும் விட்டுவைக்காது, கதவுக் கொண்டியிலிருந்து மிக்சி அடிப்பாகம் வரை அரித்துவிடும். இந்த டிஸ்க்குகள் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கிற ஆசையில் பழைய பிளேயரைத் துடைத்து மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். ரோட்டோரத்தில் வாங்கிய திருட்டுக் காப்பி 112. அதில் முழுசாக ஓடியது 19. ஒரிஜினல் 31. அதில் 28 ஓடியது.

சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போன பன்னிரண்டு வருஷமும் எங்கள் ரூமில் நடந்த பெரிய விவாதமே இதுதான். வெள்ளிக்கிழமை படத்தை வாடகைக்கு எடுப்பதா, நாயிஃப் கடைத்தெருப் பக்கம் நடந்து போய் ரோட்டோரத்தில் மலிவாக வாங்கி வருவதா? இப்போது கணக்கு என் கையில் இருப்பதால் எழுதிவிடுகிறேன். என் பக்கம் முதல் நாளிலிருந்தே வாடகைக் கடைதான்.

முதலில் கடையைப் பற்றி. துபாய் தேரா பகுதியில் ஒரு சந்துக்குள், சலவைக் கடைக்கும் டெலிபோன் கார்டு விற்கிற கடைக்கும் நடுவே, இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவு இடம். நடத்தியவர் தொண்டிக்காரர், எல்லோருக்கும் அவர் காக்காதான், எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் 1999-ல் போனபோது இன்னும் வீடியோ கேசட் காலம், சுவர் முழுக்கக் கறுப்புப் பெட்டிகள். இரண்டு வருஷத்தில் பாதிச் சுவர் விசிடி ஆனது, அப்புறம் டிவிடி. 50 திர்ஹம் டெபாசிட் கட்டினால் அட்டை போட்டுத் தருவார், படத்துக்கு இரவொன்றுக்கு 3 திர்ஹம். அப்போது ஒரு திர்ஹம் சுமார் 12 ரூபாய். ரூமில் எட்டுப் பேர், வாரத்துக்கு இரண்டு படம், ஆறு திர்ஹத்தை எட்டாகப் பிரித்தால் தலைக்கு 75 ஃபில்ஸ். ஒரு சாயாக் காசு.

அவர் டிஸ்க்கைக் கொடுக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறையிலிருந்து விளிம்பைப் பிடித்து எடுத்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்து ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பார். வாயால் ஆவி ஊதி, பழைய பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைப்பார், வட்டமாகத் துடைக்கவே மாட்டார். அப்புறம், விசிடியில் ஒரு படம் இரண்டு டிஸ்க்காக வரும் இல்லையா, அதில் இரண்டாவது டிஸ்க்கை மட்டும் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன டிவியில் போட்டு, கடைசி ஐந்து நிமிஷத்துக்கு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருவார். எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை, ஏன் கடைசி மட்டும்? ஒரு நாள் கேட்டேன். "தம்பி, டிஸ்க்கு நடுவுலேருந்து வெளியே பாத்துத்தான் படிக்கும். கிளைமாக்ஸு விளிம்புல கெடக்கு. நம்ம கைபடுறதும் விளிம்புலதான்" என்றார். அவ்வளவுதான் விஷயம். படத்தின் முடிவு பதிந்திருப்பது வெளி விளிம்பில். கீறலும் விரல் ரேகையும் அங்கேதான் அதிகம், மலிவு டிஸ்க்கில் பதிவு மோசமாக இருப்பதும் அங்கேதான். ரோட்டில் வாங்கிய படம் முதல் பாதி கண்ணாடி மாதிரி ஓடிவிட்டு, வில்லனைப் பிடிக்கிற நேரத்தில் கட்டம் கட்டமாகச் சிதறி நிற்பது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி ரோட்டோரம். சிலர் ரூம் கதவையே தட்டிப் பையைத் திறந்து காட்டுவார்கள். நாயிஃப் பக்கம் கையில் டிஸ்க்கே இருக்காது, ஜெராக்ஸ் எடுத்த அட்டைகளைக் கோர்த்த ஆல்பம்தான் இருக்கும். நீங்கள் விரலை வைத்தால் ஒரு பையன் சந்துக்குள் ஓடிப் பத்து நிமிஷத்தில் கொண்டுவருவான். 2002-ல் அமீரகத்தில் புதிய காப்புரிமைச் சட்டம் வந்த பிறகு இந்த ஒளித்துவைக்கிற வேலை இன்னும் கூடியது. விசிடி 5 திர்ஹம், டிவிடி 10. வாங்கும்போது ஓட்டிப் பார்க்க வழியில்லை. மறுவாரம் போனால் அதே ஆள் அதே இடத்தில் நிற்க மாட்டார். மாற்றித் தரச் சொல்லி யாரிடம் கேட்பது?

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர்களிடம் ஒரு பலம் இருந்தது. படம் வெளிவந்த மறுவாரமே கிடைக்கும். தொண்டிக் காக்கா கடையில் ஒரிஜினல் வர மாதக்கணக்கில் ஆகும், வந்த பிறகும் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும். மாதம் 800 திர்ஹம் சம்பளத்தில் வந்து, ஊருக்கு 600 அனுப்பிவிட்டு, இரண்டு வருஷம் வீட்டு முகம் பார்க்காமல் இருக்கிற பையனுக்கு, ஊரில் எல்லோரும் பேசுகிற படத்தை உடனே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுவதில் எந்தத் தப்பும் இல்லை. எனக்கும் தோன்றியது, அதனால்தானே 112.

ஆனால் கிடைத்தது என்ன? பெரும்பாலும் தியேட்டரில் கேமராவை வைத்து எடுத்தது. திரையின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், யாரோ எழுந்து போகிற தலை தெரியும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். விசிடி என்றால் இன்னொரு கூத்து. ஒரு டிஸ்க்கில் 74 நிமிஷம் பிடிக்கும், இழுத்தால் 80. நம்ம படம் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடினால் 165 நிமிஷம், இரண்டு டிஸ்க்கில் அடங்காது. ஒழுங்கான கம்பெனி மூன்றாவது டிஸ்க் போடும். இவர்கள் பாட்டை வெட்டிவிடுவார்கள். ஒரு பாட்டுக்காகவே படம் பார்க்கிற ஆள் நான், அந்தப் பாட்டு வருகிற இடத்தில் கதாநாயகன் கண்ணை மூடித் திறக்கும்போது அடுத்த காட்சி வந்து நின்றால் எவ்வளவு வயிறு எரியும்! டிவிடியில் "ஐந்து படம் ஒரே டிஸ்க்கில்" என்பார்கள். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. ஒரிஜினல் ஒரே படத்துக்கே 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் போடுவார்கள். ஐந்து படத்தை 4.7 ஜிபியில் அமுக்கினால் தலைக்கு ஒரு ஜிபிகூட இல்லை, இருட்டுக் காட்சி வந்தால் திரையில் சதுரம் சதுரமாகக் கறுப்புதான்.

வாடகைக் கடையெல்லாம் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். கேசட் காலத்தில் பல கடைகளில் காப்பியிலிருந்து எடுத்த காப்பிதான் சுற்றியது, ஒவ்வொரு காப்பிக்கும் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். எங்கள் காக்கா கடையிலும் சில இருந்தன. வித்தியாசம் என்னவென்றால் அவர் கேட்காமலே சொல்லிவிடுவார், "இது டூப்ளிகேட், வேணாம், அடுத்த வாரம் வா". தமிழ்ப் படங்களுக்கு வெளிநாட்டு உரிமையை எஃப்எம்எஸ் என்று தனியாக விற்பார்கள், அதை வாங்கியவர்கள் போடுகிற டிஸ்க்தான் அங்கே ஒரிஜினல். லண்டன் ஐங்கரன் கம்பெனி போட்ட டிவிடிகளை அவர் தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். கடையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, தாமதக் கட்டணம். ஒரு நாள் பிந்தினால் 1 திர்ஹம், ஓவர்டைம் என்று சொன்னாலும் விடமாட்டார். வியாழக்கிழமை ராத்திரிக் கூட்டமும் தாங்க முடியாது. என் மார்க் பத்துக்கு ஒன்பது.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்குப் படத்தை வாடகைக்கு எடுப்பது புதுசு ஒன்றும் இல்லை. சின்ன வயசில் கல்யாண வீட்டில் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு வரும், முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம். மற்ற நாளில் நீளக் கம்பத்தில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாகினி தெரியும், காற்று மாறினால் அதுவும் போய்விடும்.

பெருநாள் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2003-ல் லீவில் வந்தபோது என் லாத்தா, அதாவது அக்கா, ஆசைப்பட்டுக் கேட்ட படம் ஒன்றை நாயிஃபில் அவசரமாக வாங்கி வந்தேன். பெருநாள் சாயந்திரம், சாப்பாடு முடிந்து, மாமி வீட்டார், பக்கத்து வீட்டார் என்று கூடத்தில் இருபது பேர். உம்மாகூட அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து கதவோரம் உட்கார்ந்தார். இரண்டாவது டிஸ்க்கில் கடைசிக் காட்சி ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. எடுத்துத் துடைத்தேன், கோல்கேட் தடவிக் கழுவினேன், லென்ஸைத் துடைத்தேன். நான்கு தடவை அதே இடத்தில் கதாநாயகியின் முகம் பாதி பச்சைக் கட்டமாக உறைந்தது. லாத்தா ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்ப் பிள்ளைகளுக்குப் பாய் போட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவன், அவர் கேட்டது ஒரே ஒரு பொருள், அதையும் கொஞ்சம் காசு மிச்சம் என்று பார்க்கப் போய் இப்படிக் கொண்டுவந்து கொடுத்தேனே என்று இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. மறுவருஷம், 2004-ல், தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காரர்களையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். வாப்பா போன் போட்டு, இனிமேல் இந்தச் சாமானைப் பெட்டியில் வைக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காப்பியை அடையாளம் பார்ப்பது சுலபம்தான், எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. டிஸ்க்கைப் புரட்டுங்கள். அச்சடித்த ஒரிஜினல் வெள்ளி நிறம், இரட்டை அடுக்கு டிவிடி லேசாகப் பொன்னிறம் அடிக்கலாம். கம்ப்யூட்டரில் எரித்துப் பதிந்த சிடி பச்சையோ நீலமோ அடிக்கும், டிவிடி ஊதா அடிக்கும், அது சாயப்பூச்சு. என் பரணில் முதலில் செத்தது அவைதான். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம், சூட்டில் பசை இளகி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு சுற்றும்போது ஆடும். ஆனால் வெள்ளியாக இருப்பதெல்லாம் ஒரிஜினல் என்றும் நம்பிவிடாதீர்கள், பெரிய அளவில் அச்சடித்த திருட்டும் உண்டு.

2007 வாக்கில் மோசர் பேர் என்ற கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட ஆரம்பித்த பிறகு எனக்கு வாதாடவே தேவையில்லாமல் போனது. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கி, லீவு முடிகிற நேரத்தில் பத்து ஒரிஜினல் வாங்கிப் போவேன். அங்கே ஒரு திருட்டு டிவிடிக்குக் கொடுத்த காசில் இங்கே மூன்று ஒரிஜினல்.

இப்போது லாத்தா மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அவனுக்கு டிஸ்க்கே தெரியாது, குரூப்பில் வருகிற ஃபைலைப் போனில் பார்க்கிறான், அதிலும் அதே தலை எழுந்து போகிறது. யூடியூபில் வாடகைக்கு எடுத்தால் 30 நாளுக்குள் ஆரம்பிக்கலாம், ஆரம்பித்தால் பெரும்பாலும் 48 மணி நேரம் என்று சொல்லிக் கொடுத்தேன். ரூமில் நாலு பேர் பிரித்துக்கொண்டு டிவியில் போட்டுப் பாருங்கடா என்றேன். போன வெள்ளி அப்படித்தான் பார்த்தார்களாம்.

என் 31 ஒரிஜினலில் பாதி காக்கா கடையில் வாடகைக்குச் சுற்றி முடித்து, 5 திர்ஹத்துக்குத் தள்ளிவிட்டவை. நான் ஊருக்குக் கிளம்பியபோது 50 திர்ஹம் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அலமாரியைத் திறந்து ஒரு டிவிடியைச் சும்மாவே கையில் வைத்தார். லாத்தா கேட்ட அந்தப் படம்தான், எப்போதோ அந்தக் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு வந்த அவசரத்தில் அதுவும் பெட்டியோடு பரணுக்குப் போய்விட்டது. ஓடுகிற 28-ல் அது இருக்கிறது. வருகிற பெருநாளுக்கு லாத்தா வீட்டுக்குப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். கடைசி ஐந்து நிமிஷத்தை நேற்று ஓட்டிப் பார்த்துவிட்டேன்.