அமெரிக்க லைசென்ஸோடு திருச்சிப் பக்கம் கார் ஓட்டுபவர்களுக்கு

இந்த முறை ஊருக்குப் போனபோது டிரைவர் வைக்காமல் நானே ஓட்டினேன். இன்டர்நேஷனல் பெர்மிட்டை டெக்சாஸிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திருச்சியில் செல்ஃப் டிரைவ் கார் கொடுத்தவர்கள் பெர்மிட்டையும் லைசென்ஸையும் பம்பரில் இருந்த கீறலையும் போட்டோ எடுத்தார்கள், டெபாசிட் வாங்கினார்கள், சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வண்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வெளிநாட்டு லைசென்ஸ்காரர் என்று தெரிந்தும் இங்கத்திய சாலைக் குறியீடுகள் பற்றி ஒரு தாள்கூடத் தரவில்லை.

இடது பக்கம் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிடும், போர்டின் வடிவம்தான் படுத்தும். அமெரிக்காவில் எச்சரிக்கை என்றால் மஞ்சள் டைமண்ட், மஞ்சள் வட்டம் என்றால் முன்னால் ரயில்வே கிராசிங். இங்கே வட்டம் என்றாலே உத்தரவு. சிவப்பு வளையம் இருந்தால் தடை அல்லது வரம்பு, முழு நீலமாக இருந்தால் அதைச் செய்தே ஆக வேண்டும். வேக வரம்பும் சிவப்பு வட்டத்துக்குள்தான் வரும், அதில் 80 என்று போட்டிருந்தால் கிலோமீட்டர், மைல் இல்லை. எச்சரிக்கையெல்லாம் சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம், ரயில்வே கேட்டுக்கும் அதேதான். உள்ளே கேட் படம் இருந்தால் ஆள் இருக்கிற கேட், என்ஜின் படம் இருந்தால் ஆள் இல்லாதது (அகல ரயில் பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 தொடக்கத்திலேயே ஒழித்துவிட்டார்கள், அதனால் என்ஜின் படம் இனி அபூர்வம்). இரண்டு நாட்டுக்கும் பொதுவானது எட்டு மூலை ஸ்டாப் போர்டும் 'வழிவிடு' என்று சொல்லும் தலைகீழ் முக்கோணமும்தான். அவற்றின் எழுத்து தூசியில் மறைந்தாலும், பின்னாலிருந்து பார்த்தாலும் வடிவமே சொல்லிவிடும்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல், அங்கே ஒரு கிளாஸுக்குப் பணம் கட்டினேன், அது நல்ல செலவு. எல்.எல்.ஆர் எடுக்க வரும் பிள்ளைகளுக்காகச் சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டை மாஸ்டர் காட்டி, "வட்டம்னா ஆர்டர் சார், முக்கோணம்னா உஷார், கட்டம்னா தகவல், முடிஞ்சது" என்றார். வாடகை வண்டிக்காரர்கள் அந்த சார்ட்டை ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து டாஷ்போர்டில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

திருச்சி மதுரை நான்கு வழிச் சாலையில் போர்டுகள் அருமை. பச்சையில் ஊர்ப் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், நீலத்தில் ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், இரவிலும் ஹெட்லைட் பட்டால் பளிச்சென்று தெரிகிறது. கொல்லிமலைக்கும் ஏறினேன். 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பதையும் அங்கே பெரும்பாலும் மதிக்கிறார்கள், டவுனில் ஸ்டாப் போர்டை ஒருத்தரும் மதிக்காததற்கு அது எவ்வளவோ தேவலாம்.

கிராமத்து ரோடு வேறு கதை. முக்கோணத்தின் மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இல்லாவிட்டால் வேப்பங்கிளை மறைத்திருக்கும், பல ஸ்பீடு பிரேக்கருக்குப் போர்டும் கிடையாது, வெள்ளைக் கோடும் கிடையாது. ராத்திரி அந்தப் பக்கம் போவதாக இருந்தால் முன்னால் ஒரு டவுன் பஸ் கிடைக்கிறதா பாருங்கள், கிடைத்தால் கொஞ்சம் இடைவெளி விட்டு அதன் பிரேக் லைட்டைப் பார்த்தே போய்விடலாம், அந்த டிரைவருக்கு ஒவ்வொரு மேடும் மனப்பாடம்.