அல்சூரில் ஒரு காது மருத்துவமனை

சென்ற மாதம் ஒரு காலையில் கைப்பேசியை இடக்காதில் வைத்தபோது, ஊரிலிருந்து அம்மா பேசியது தகரக் குழாய்க்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் இருந்தது. வலியும் இல்லை, சளியும் இல்லை. ஓயாத ஒரு ரீங்காரம் மட்டும். முதலில் சென்ற சிகிச்சையகத்தில், காதைச் சரிவரப் பார்க்காமலேயே அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள், பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு சந்தில் உள்ள சிறிய காது, மூக்கு, தொண்டை மருத்துவமனைக்குச் சென்றேன். தமிழிலேயே பேசிய மருத்துவர், இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் உலோகக் கவையை) தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன். வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும் என்றும், நல்ல காதுக்கு ஒலி போவதால் கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருக்க வேண்டும் என்றும் விளக்கி, உடனே ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுக்க அனுப்பினார். அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் கேட்கும் திறன் 30 டெசிபலோ அதற்கு மேலோ 72 மணி நேரத்துக்குள் குறைந்தால், அது திடீர்ச் செவித்திறன் இழப்பாம். எனக்கு இழப்பு 55 டெசிபல் இருந்தது.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், 60 மி.கி.க்கு மிகாமல் பத்து நாள். பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். பெரும்பாலோருக்குக் காரணமே தெரிவதில்லை, தானாகத் திரும்புவோரும் உண்டு, மாத்திரை கைகொடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் முதல் இரண்டு வாரத்தைத் தவறவிடக் கூடாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. பலிக்காவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி போடலாம் என்றார். மாத்திரை நாக்கில் பட்டால் அப்படியொரு கசப்பு. தூக்கமும் போய், நள்ளிரவு மூன்று மணிக்கு அஞ்சறைப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. ஆடியோகிராம் அறையின் கதவு சரியாக மூடாததால் ஆட்டோ ஹாரன் உள்ளே வருகிறது. நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்யவே எம்.ஆர்.ஐ. என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், சீட்டைப் பார்த்து நான் பதறியிருக்க மாட்டேன்.

இப்போது இழப்பு 30 டெசிபலுக்குக் குறைந்திருக்கிறது. ரீங்காரம் முழுதும் போகவில்லை. காலை ஒன்பதுக்குள் டோக்கன் தீர்ந்துவிடுகிறது. ஆனால், திடீரென்று காது கேட்கவில்லை என்று வரவேற்பில் சொன்னால், வரிசையைத் தாண்டி உள்ளே அனுப்பிவிடுகிறார்கள்.