சிப்பிக்குப் பக்கத்தில் ஒரு புட்டி: மஸ்கடேயுடன் ஏழு ஆண்டுகள்

வேலைக்காக பிரான்சின் நாந்த் நகருக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மஸ்கடே என்னும் இந்த ஊர் வெள்ளை ஒயின் புட்டி ஒன்று நின்றுகொண்டே இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் இதன் பெயரைக் கேட்டு ஏமாந்தவன் நான். கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் வகையைச் சேர்ந்தது. இதிலும் அந்த மணம் இருக்கும் என்று நம்பி வாயில் வைத்தேன். மணமும் இல்லை, இனிப்பும் இல்லை. எலுமிச்சைத் தோலைக் கடித்துவிட்டு மழைத் தண்ணீர் குடித்தது போல இருந்தது. பாதிப் புட்டி மீன் சமையலுக்குப் போனது.

மனம் மாறியது தலான்சாக் சந்தையில், ஒரு சிப்பிக் கடை முன்னால். கடைக்காரர் கத்தி முனையால் ஒரு சிப்பியைத் திறந்து நீட்டினார். எலுமிச்சைத் துண்டை எடுக்கப் போனேன். "அதை விடுங்கள், ஒயினே போதும்" என்றார். சிப்பியின் உப்பு நீர் நாக்கில் இருக்கும்போதே ஒரு மடக்கு குடித்தேன். உப்பும் புளிப்பும் சேர்ந்ததும், தனியாகக் குடித்தபோது தெரியாத ஒரு மெல்லிய இனிமை எங்கிருந்தோ வந்தது. அன்று முதல் இதை நான் வெறுமனே குடிப்பதில்லை.

லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், நாந்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இந்தத் தோட்டங்கள் இருக்கின்றன. திராட்சையின் பெயர் மெலோன் தெ பூர்கோன். பிரான்சின் கிழக்கே உள்ள பூர்கோன் (பர்கண்டி) பகுதியிலிருந்து வந்தது. 1709 குளிர்காலத்தின் கொடும் உறைபனியில் இங்கிருந்த கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் இந்த வகையை எங்கும் நட்டார்கள். சாதுவான திராட்சை, தானாக அதிகம் பேசாது. பேச வைப்பது மண்டிதான். நொதித்து முடிந்ததும் இறந்த ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கும். வழக்கமாகத் தெளிந்ததை இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். இங்கே குளிர்காலம் முழுவதும் மண்டியின் மேலேயே விட்டு, அங்கிருந்து நேராகப் புட்டியில் அடைக்கிறார்கள். லேபிளில் 'சுர் லி' என்று இருந்தால் அதுதான் பொருள். நாக்கு நுனியில் ஒரு சின்னக் குறுகுறுப்பு, பிசைந்த ரொட்டி மாவின் வாசனை, இரண்டும் அதனால் வருபவை. அந்த எழுத்து இல்லாத புட்டியை நான் இப்போது எடுப்பதில்லை.

வேகவைத்த மட்டிக்கும், வெண்ணெய்ச் சாறு ஊற்றிய ஆற்று மீனுக்கும் இது பொருந்துவதில் வியப்பில்லை. அவை இந்த ஊர்ச் சமையல். எங்கள் வீட்டுச் சமையலில்தான் சோதனை. மிளகும் உப்பும் மட்டும் தடவிய நெத்திலி வறுவலுக்கு அருமை. தேங்காய்ப்பால் சொதிக்கு எதிர்பார்த்ததை விட நன்று. புளி கரைத்த மீன் குழம்போடு வைத்தால் இரண்டு புளிப்பும் சண்டையிட்டு, ஒயின் தோற்றுப்போகும். மிளகாய் தூக்கலாக இருந்தால் மோர் குடியுங்கள்.

குறைகளும் உண்டு. மிக மலிவானவை வெறும் தண்ணீர். ஒருமுறை வாங்கிய புட்டியில் ஈர அட்டைப் பெட்டி வாடை. கார்க் கெட்டிருந்தது, கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். திறந்த மூன்றாம் நாள் குறுகுறுப்பு போய்விடும். ஐஸ் போலக் குளிர்ந்தால் எதுவும் தெரியாது. வெளியே எடுத்துக் கால் மணி நேரம் விடுகிறேன்.

வாங்கிய ஆண்டே குடித்துவிட வேண்டிய ஒயின் இது என்றும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் இந்தப் பகுதியில் கிலிசோன், கோர்ஜ் போன்ற சில ஊர்களின் பெயரை லேபிளில் போட 2011 முதல் தனித் தகுதி உண்டு. இந்த இரண்டு ஊர்களிலும் இரண்டு ஆண்டுகளாவது மண்டியில் ஊற வைக்கிறார்கள். கோர்ஜ் புட்டி ஒன்றை வாங்கி அலமாரியின் அடியில் வைத்து மறந்துபோனேன். ஐந்து ஆண்டு கழித்து, போன டிசம்பரில் திறந்தோம். நிறம் பொன்னாகியிருந்தது, லேசான புகை வாசனை, புளிப்பு மட்டும் அப்படியே. மனைவி இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் புட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். "இதையா நாம் மீனில் ஊற்றினோம்?" என்றாள்.