காற்றாலைக் கடலில் எது பொருந்தும்: பாசியா, அட்டையா?

யாழ்ப்பாணக் கடலில் இன்னும் காற்றாலைக் கோபுரம் எழவில்லை. எழுந்தால் கோபுரங்களுக்கு இடையில் எதை வளர்ப்பது என்பதைக் கடல் வரைபடம் போடும்போதே தீர்மானிக்க வேண்டும். கடலடியில் மின் கேபிள் புதைத்த பிறகு பேசிப் பயனில்லை.

கடலட்டை அங்கே சரிவராது. அதற்குச் சேறு கலந்த மணலும் சாதாழை எனும் கடற்புல்லும் உள்ள ஆழமில்லாத கடல் வேண்டும். அரியாலை, பூநகரிப் பக்கம் செய்வதுபோல் கம்பு நட்டு வலை அடைப்பதைக் கோபுரம் நிற்கும் ஆழத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. இரவுக் காவலுக்கு யார் போவது? தீனிச் செலவில்லை என்பது உண்மைதான். ஆனால் கரையோரத்திலேயே களங்கண்டி எனும் நிலைவலை கட்டி மீன்பிடிக்கும் பாடுகளோடு இடத்தகராறு வருகிறது.

கப்பாபைகஸ் என்ற கடற்பாசிக்குக் கடற்தரை தேவையில்லை. மிதக்கும் கயிற்றில் 45 நாளளவில் அறுவடைக்கு வரும். காற்றாலைச் சுழலியின் விட்டம் 200 மீற்றர் என்றால் கோபுரங்களின் இடைவெளி பெரும்பாலும் ஒரு கிலோமீற்றரைத் தாண்டும், இடம் தாராளம். வில்லங்கம் நங்கூரத்தில்தான். வாடைக்காற்றில் அது இழுபட்டால் நேரே கேபிளில் கொளுவும். ஆகவே கேபிள் தடத்தை விட்டு விலகி, அதற்குச் சமாந்தரமாகக் கயிறு கட்டி, பராமரிப்புப் படகுக்கு வழிவிட வேண்டும். திறந்த கடலில் அலை பாசியின் தண்டை முறிக்கும். வாடைக்கு முன்பே அறுத்துவிடுவது நல்லது.