ராமேஸ்வரம் கரையில் ஹோட்டல் மெம்பர்ஷிப்: எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது

சென்னையிலிருந்து வரும் ரயில்கள் ராமேஸ்வரத்தில் ஆளை இறக்கிவிடுவது பெரும்பாலும் விடிகாலையில். உயர்தர ஹோட்டல்களில் செக்-இன் மதியம் 2 மணிக்கு. திரும்பும் வண்டிகள் மாலையிலும் இரவிலும். செக்-அவுட்டோ காலை 11 அல்லது 12. வரும் நாளும் போகும் நாளும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அறையில்லாமல், பெட்டியோடும் தீர்த்தமாடிய ஈரத்துணியோடும் நிற்க வேண்டியிருக்கும். அடிக்கடி தங்குபவர்களுக்கு ஹோட்டல் குழுமங்கள் தரும் லாயல்டி மெம்பர்ஷிப்பை இந்த ஊரில் எடைபோட வேண்டியது இந்த மணி நேரங்களை வைத்துத்தான். புள்ளிகள், வரவேற்புப் பழத்தட்டு, ஆப்பில் மின்னும் தங்க அட்டை எல்லாம் அதற்குப் பிறகு.

தாமதமாக அறையைக் காலி செய்யும் சலுகையில் விதியின் வாசகத்தைப் படிக்காமல் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். மேரியட் ஹோட்டல் குழுமத்தின் மெம்பர்ஷிப்பான பான்வாயின் விதியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 25 இரவு தங்கிய கோல்டு உறுப்பினருக்கு மதியம் 2 மணி வரை, அதுவும் அறை இருந்தால். 50 இரவு தங்கிய பிளாட்டினத்துக்கு மாலை 4 மணி வரை உறுதி. ஆனால் ரிசார்ட், மாநாட்டு ஹோட்டல் என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களில் அந்த உறுதி கிடையாது. அங்கேயும் 'இருந்தால் தருவோம்'தான். கடலோர விடுதிகள் பலவும் தங்களை ரிசார்ட் என்றே சொல்லிக்கொள்கின்றன. எந்தக் குழுமமானாலும் சரி, பதிவு செய்யும் முன் அந்த விடுதி எந்த வகையில் இருக்கிறது என்று ஆப்பில் பார்த்துவிடுவது நல்லது.

கேட்கும் நேரமும் முக்கியம். காலை 10 மணிக்குக் கேட்டால் 'ஃபுல் சார்' என்ற பதில்தான் வரும். முதல் நாள் மாலை 7 மணிவாக்கில், மறுநாள் காலியாகும் அறைகளின் பட்டியல் கையில் இருக்கும்போது டியூட்டி மேனேஜரிடம் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால் கணினியில் ஏற்றச் சொல்லி, சாவி அட்டையையும் புதுப்பித்து வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் பழைய செக்-அவுட் நேரமே பதிந்திருந்தால், மேனேஜர் வாயால் தந்த 4 மணி கதவுக்குத் தெரியாது. கோயிலில் மதிய நடை சாத்தி ஒன்றரை மணிக்குத் திரும்பினால் பூட்டு சிவப்பு விளக்குதான் காட்டும்.

சீக்கிரம் உள்ளே போவது இதைவிடச் சிக்கல். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6-ல் புதுப்பாலம் திறக்கும் வரை பயணிகள் தீவுக்குள் சாலை வழியாகத்தான் வர முடிந்தது. வருகை பகல் முழுதும் பரவியிருந்தது, வரவேற்பு மேசையும் தாராளமாக இருந்தது. இப்போது ஒரு வண்டி வந்து நின்றால் ஒரே அரைமணியில் பல குடும்பங்கள் மேசை முன்னால் கூடிவிடுகின்றன. அட்டை எந்த நிறமானாலும், காலியாகாத அறையை யாரும் தர முடியாது. விடிகாலை 5 மணிக்கு அறை உறுதியாக வேண்டுமென்றால் முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்வதுதான் வழி. அப்படிச் செய்தால் 'நாளை விடிகாலை வருகிறோம்' என்று எழுத்தில் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் நள்ளிரவுக்குப் பின் அன்றைய கணக்கை முடிக்கும் நைட் ஆடிட்டில் 'வரவில்லை' என்று குறித்து, மொத்தப் பதிவையும் ரத்து செய்துவிடக்கூடும். பணமும் போய், அறையும் போகும்.

ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள், மகா சிவராத்திரி நாட்களில் எந்தச் சலுகையையும் எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு அறை கேட்டு வாதாடுவதைவிட, குளித்து உடை மாற்றிக்கொள்ள ஒரு பொது அறை கேட்பது புத்திசாலித்தனம். பல விடுதிகள் ஒன்றிரண்டு அறைகளை இதற்கென ஒதுக்கி வைக்கும், கேட்டால்தான் சொல்லும்.

அடுத்தது தண்ணீர். ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்கு. அதற்காக மூன்றரை மணிக்கே பாதி ஹோட்டல் குளிக்கிறது. மையக் கொதிகலனிலிருந்து வெந்நீர் வரும் கட்டடங்களில், மின்செலவை மிச்சம் பிடிக்க இரவில் சுழற்சிப் பம்பை நிறுத்திவைப்பதும் உண்டு. குழாய்க்குள் நின்று ஆறிப்போன தண்ணீர் முழுதும் வெளியேறினால்தான் சூடு வரும். கடைக்கோடி அறைகளில் ஐந்து நிமிடத்துக்கு மேல்கூட ஆகும். 'மூன்றரைக்குக் குளிக்கிறோம், பம்பைப் போட்டு வையுங்கள்' என்று முதல் நாள் இரவே மெயின்டனன்ஸுக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தண்ணீர் உவர்ப்பாக இருந்து சோப்பு நுரைக்கவில்லையா? சுத்திகரிப்பு சரியாக ஓடவில்லை, அல்லது கிணற்று நீரைக் கலக்கிறார்கள். அத்தகைய நீர் ஓடும் ஹீட்டரில் சுண்ணம் படிந்து சூடேறும் நேரமும் கூடும். இன்னொன்று: குளியலறையில் இருந்த வாளியும் குவளையும் புதுப்பித்தல் என்ற பெயரில் காணாமல் போயிருக்கின்றன. கடல்மணலை அலசவும் ஈரத்துணியைப் பிழியவும் ஷவர் தோதுப்படாது. கேட்டால் கொண்டுவந்து தருவார்கள். கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் குறை.

அறை உயர்வு (அப்கிரேடு) என்று கடல் பார்த்த அறையைத் தந்தால் உடனே மகிழ வேண்டாம். தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசி கடைசியிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று வீசும். அப்போது தெற்குக் கரை கொந்தளிக்க, வடக்குக் கரை அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றில் இது தலைகீழ். காற்று வரும் பக்கத்து பால்கனி அறையில் இரவெல்லாம் கதவு தடதடக்கும், கண்ணாடியில் உப்புப் படலம் படியும். ஏசியின் வெளியலகு அந்தப் பக்கமே இருந்தால் அலுமினியத் தகடுகளை உப்பு அரித்து, மதியம் ஏசி ஓடும், அறை குளிராது. மேல் தளத்து 'சீ வியூ' அறையைவிட, காற்று மறைவில் தோட்டம் பார்த்த சாதா அறை நன்றாகத் தூங்கவிடும் மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் மாற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

இலவசக் காலை உணவு தாளில் பெரிய சலுகை. பொதுவாக உறுப்பினருக்கும் உடன் தங்கும் ஒருவருக்கும் உண்டு, பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம். ஆனால் பஃபே ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிகிறது. அந்த நேரத்தில் ஆள் 22 தீர்த்தங்களில் ஏதோ ஒன்றின் வரிசையில் நிற்பார். தர்ப்பணம் செய்பவர் காரியம் முடியும் வரை பச்சைத் தண்ணீர்தான். ஆகவே முதல் நாள் இரவு 8 மணிக்குள் பொட்டலமாகச் சொல்லிவிடலாம். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் அதையும் அப்போதே. காலை உணவுக்குப் பதில் மதியச் சாப்பாட்டில் அந்தத் தொகையைக் கழிக்கவும் கேட்கலாம். விதியில் கிடையாது, மேனேஜர் மனம் வைத்தால் நடக்கும். தங்குபவர்கள் குறைவான நாளில் பஃபே என்று எழுதியிருந்தாலும் தட்டில்தான் வரும். அது ஒன்றும் மோசமில்லை, தோசையாவது சூடாகக் கிடைக்கும். காப்பி மட்டும் இயந்திரத்துக்கு மாறிப்போனது மன்னிக்க முடியாதது.

கடலுணவுத் தள்ளுபடிக்காகச் செல்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வைக்கவும். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டுமே புதிதாக வரும், விலையும் ஏறும். அந்த நாட்களில் நண்டும் இறாலும் மெனுவில் தாராளமாக இருந்தால் உறைபெட்டிச் சரக்காக இருக்கலாம், கேட்டுவிட்டு ஆர்டர் சொல்லுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை ரூ. 7,500 வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18 சதவீதம். அறை ரூ. 8,200 என்றால் வரியோடு ரூ. 9,676. உறுப்பினர் விலையில் 10 சதவீதம் கழிந்தால் ரூ. 7,380, வரியோடு ரூ. 7,749. தள்ளுபடி என்னவோ ரூ. 820தான், மிச்சமாவது ரூ. 1,927. இதே கணக்கு எதிராகவும் திரும்பும். ரூ. 7,300 அறையோடு ரூ. 500 காலை உணவை ஒரே கட்டணமாகச் சேர்த்து ரூ. 7,800 ஆக்கினால் முழுதுக்கும் 18 சதவீதம், ஆக ரூ. 9,204. உணவைத் தனி பில்லில் வாங்கி, அதற்கு 18 சதவீதமே போட்டாலும் மொத்தம் ரூ. 8,255. வரம்பை ஒட்டிய விலைகளில் புள்ளிகளைவிட இந்தக் கணக்குத்தான் காசு தரும்.

புள்ளி வராமல் போவதற்கு இங்கே அதிகம் காரணமாவது பெயர். ஆதாரில் 'செல்வம் மு', கணக்கில் முதல் பெயர் செல்வம், கடைசிப் பெயர் முத்தையா. கணினி கடைசிப் பெயரை ஒப்பிடுகிறது, பொருந்தவில்லை, தங்கிய இரவு அந்தரத்தில் நிற்கிறது. மெம்பர்ஷிப் கணக்கில் உள்ளபடியே பதிவிலும் பெயர் போட வேண்டும். வேறு பயண இணையதளங்கள் வழியாகப் பதிவு செய்தால் பெரிய குழுமங்களில் பொதுவாகப் புள்ளியும் இல்லை, இரவுக் கணக்கும் இல்லை. குடும்பமாக மூன்று அறை எடுத்தால் மேரியட்டில் மூன்றுக்கும் புள்ளி சேரும், இரவுக் கணக்கு ஒன்றுக்குத்தான்.

போனில் விற்கும் வருடச் சந்தா அட்டையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இருவர் சாப்பிட்டால் 50 சதவீதம், மூவருக்கு 33, நால்வருக்கு 25 என்ற வகைத் தள்ளுபடி நகரத்தில் அடிக்கடி சாப்பிடுபவருக்குச் சரி. வருடத்துக்கு இரண்டு முறை ராமேஸ்வரம் வருபவருக்குச் சந்தாப் பணம் திரும்பாது.

பில்லை இரவே கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில் ஆட்டோ வாசலில் நிற்கும்போது பார்க்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதல் அதைத் தடுக்கிறது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உறுப்பினர் எண் பில்லின் தலைப்பில் அச்சாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இல்லையென்றால் அங்கேயே சேர்க்கச் சொல்வது இரண்டு நிமிட வேலை. ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சல் போட்டு அலைவது இரண்டு வார வேலை.