எட்டு ஆண்டுகளாகக் கிட் வரலாற்றைப் படித்ததில்

எங்கள் பில்லிங் மென்பொருளின் கட்டமைப்பு வரைபடம் சுவரில் தொங்கியது. சேர்ந்த புதிதில் பிரமித்துப் பார்த்தேன். ஆறே மாதத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது. அதிலிருந்த பெட்டிகளில் மூன்று, நிரலில் எங்குமே இல்லை. அன்று முதல், கட்டமைப்பைத் தெரிந்துகொள்ள நான் திறப்பது கிட்டின் லாக்கைத்தான். நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கருவி கிட்; அந்தப் பதிவுகளின் பட்டியல்தான் லாக்.

வேலை எளிது. ஓர் ஆண்டின் கமிட்களை, அதாவது ஒவ்வொரு முறையும் மொத்தமாகப் பதிவான மாற்றங்களை எடுத்து, எந்தெந்தக் கோப்புகள் ஒரே கமிட்டில் சேர்ந்து மாறின என்று எண்ணும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். முதல் ஓட்டத்திலேயே வரி கணக்கிடும் கோப்பும் ரசீது அச்சிடும் கோப்பும் ஜோடியாகப் பட்டியலின் தலையில் வந்து நின்றன. இரண்டும் வெவ்வேறு மாட்யூல், அதாவது மென்பொருளின் தனித்தனிப் பகுதிகள். ஒன்றை மற்றொன்று அழைப்பதே இல்லை. திறந்து பார்த்தால், தசமங்களை முழு எண்ணாக்கும் ஏழு வரிகள் இரண்டிலும் நகலெடுக்கப்பட்டிருந்தன, மாறிகளின் பெயர் மட்டும் வேறு. யார் யாரை அழைக்கிறார் என்று மட்டும் பார்க்கிற கருவிக்கு இந்த உறவு கண்ணில் படாது.

அந்த ஏழு வரிகளையும் 'பொது' என்ற கோப்புக்கு மாற்றினோம். மறு ஆண்டுப் பட்டியலில் ஜோடி காணாமல் போனது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் 'பொது' கோப்பு ஏறக்குறைய எல்லாக் கோப்புகளோடும் ஜோடி சேர்ந்துகொண்டது. பொது என்று பெயர் வைத்தால் புறம்போக்கு நிலம்தான், ஆளாளுக்குக் குடிசை போடுவார்கள். குறைக்கும் வேலையைச் செய்யாவிட்டால் சிக்கல் ஏறிக்கொண்டே போகும் என்று மேனி லேமன் 1970களிலேயே சொன்னார். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளம் வளர்ந்த விதத்தை ஆராய்ந்தவர் அவர்.

குறைகளும் உண்டு. பெயர் மாற்றத்தைக் கிட் பதிவு செய்வதில்லை. படிக்கும்போது உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, இயல்பாக 50 சதவீத ஒற்றுமை இருந்தால் அதே கோப்பு என்று ஊகிக்கிறது. ஒருமுறை கோப்புகளை இடம் மாற்றி, அதே கமிட்டில் பாதிக்கு மேல் திருத்தியும் எழுதினோம். அவற்றின் பழைய வரலாறு அங்கேயே அறுந்தது. இப்போது பெயர் மாற்றம் ஒரு கமிட், திருத்தம் அடுத்த கமிட். ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை பிளேம். இடைவெளிகளை மட்டும் சீராக்கிய கமிட்டால் பிளேம் முழுக்க ஒரே ஆளின் பெயர் வரும் தொல்லை, 2019இல் வந்த கிட்டின் 2.23 பதிப்புக்குப் பின் தீர்ந்தது. விலக்க வேண்டிய கமிட்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கலாம். ஒரு மாத வேலையை ஒரே கமிட்டாகச் சுருக்குகிறவர்களுக்குத்தான் மருந்து இல்லை. முப்பது கோப்புகளுக்கு மேல் தொட்ட கமிட்களை நான் எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை.

போன வாரம் மறுபடி ஓட்டினேன். ரசீதுக் கோப்புக்குப் புதிய ஜோடி வந்திருக்கிறது: மின்னஞ்சல் வார்ப்புரு. இன்னும் திறந்து பார்க்கவில்லை.