ஸ்பேனிங் ட்ரீயும் அது காணாத லூப்பும்: ஆறு ஆண்டு அனுபவம்

ஓர் அலுவலக நெட்வொர்க்கை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கணினிகளை இணைக்கும் சுவிட்சுகளில் கேபிள்கள் வளையமாக அமைந்து தரவு சுற்றிச் சுற்றி வருவதே லூப். அதைத் தடுக்க இன்று சுவிட்சுகளில் உள்ள அமைப்புகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு கோளாறு கண்ட பிறகே சேர்க்கப்பட்டவை.

தொடக்கத்தில் ஸ்பேனிங் ட்ரீ ஒன்றே போதும் என்று நம்பினேன். சுவிட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி, லூப் உண்டாக்கும் பாதையை அடைத்துவிடும் முறை அது. 802.1டி தரத்தின் பழைய முறையில் ஒரு போர்ட் இயங்கத் தொடங்க 15 நொடி வீதம் இரு கட்டங்கள், ஆக 30 நொடிகள் ஆகும். அதற்குள் கணினிகள் ஐபி முகவரி கேட்டு ஓய்ந்துவிடும். இதற்காக ஸ்பேனிங் ட்ரீயையே அணைத்துவிடுவோர் உண்டு. அது பெருந்தவறு. அதன் வேகமான வடிவமான ராபிட் முறைக்கு மாறி, கணினிகள் இணையும் போர்ட்டுகளை, காத்திருக்காமல் உடனே இயங்கும் எட்ஜ் போர்ட்டுகளாக அறிவித்து, ஸ்பேனிங் ட்ரீ செய்தியான பிபிடியு வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்டையும் அவற்றில் இயக்கியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஸ்பேனிங் ட்ரீ பாதைகளைக் கணக்கிட மையமாகக் கொள்ளும் சுவிட்சான ரூட் பிரிட்ஜை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பதையும் தாமதமாகவே உணர்ந்தேன். பிரையாரிட்டி எண் மிகச் சிறியதாக உள்ள சுவிட்சே ரூட்டாகும். எல்லாச் சுவிட்சுகளிலும் அது 32768 என்றே இருந்ததால், மேக் முகவரி (கருவியின் வன்பொருள் முகவரி) சிறியதாக இருந்த மிகப் பழைய சுவிட்ச், ஒரு மூலையில் இருந்துகொண்டே ரூட்டாகியிருந்தது. மையச் சுவிட்சுக்கு 4096, அதன் மாற்றுக்கு 8192 என்று வைத்தேன்.

என்னை உண்மையில் திணறடித்தது மேசைக்கடியில் கிடந்த ஐந்து போர்ட் சுவிட்ச். ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரோ அதிலேயே செருகியிருந்தார்கள். ஐபி பாக்கெட்டுக்கு இருப்பதுபோல கேபிளில் செல்லும் தரவுத் துண்டான ஈதர்நெட் ஃப்ரேமுக்கு ஆயுள் வரம்பு இல்லை. எனவே எல்லாக் கருவிகளுக்கும் செல்லும் பிராட்காஸ்ட் ஃப்ரேம்கள் ஓயாமல் சுற்றின. ரேக்கில் எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் துடித்தன. ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே மாறி மாறித் தாவுவதாக லாக்கில் வரிகள் குவிந்தன. அந்தச் சிறிய சுவிட்ச் பிபிடியுக்களை விழுங்கிவிட்டதால், பிபிடியு கார்டுக்கு எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் லூப் டிடெக்‌ஷனை இயக்கினேன். சுவிட்ச் தானே அனுப்பும் சோதனை ஃப்ரேம் தன்னிடமே திரும்பினால், அந்தப் போர்ட்டை அது மூடிவிடுகிறது. பிராட்காஸ்ட் அளவு வரம்பை மீறினால் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கண்ட்ரோலையும் வைத்தேன். அது லூப்பைக் கண்டுபிடிக்காது, ஆனால் மற்றவர்களின் வேலை நின்றுவிடாமல் காக்கிறது. ஒரு வாரம் இயல்பான பிராட்காஸ்ட் அளவைக் கவனித்துவிட்டே அதன் வரம்பை நிர்ணயித்தேன்.

மூடப்பட்ட போர்ட் சில நிமிடங்களில் தானாகத் திறக்கும் வசதியை மட்டும் நான் பயன்படுத்துவதில்லை. கேபிள் அப்படியே இருந்தால், திறக்கும் ஒவ்வொரு முறையும் நெட்வொர்க் மீண்டும் தடுமாறும். இணைப்பு இல்லை என்று அந்த இருக்கையிலிருந்து அழைப்பு வந்தால், நேரில் போய் மேசைக்கடியில் பார்த்துவிட்டே போர்ட்டைத் திறக்கிறேன்.